என் மனு கிளந்தான் போன கதை

1

நேற்று எங்கள் மலை டவுன் தானா ராத்தாவுக்குப் போயிருந்தேன். அரசாங்க அலுவலகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மலாய்ப் பெண் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கிளந்தானிலிருந்து இங்கே எப்போது குடிவந்தீர்கள்?" என்று கேட்டாள்.

நான் குடிவரவில்லை என்றேன். அப்படியானால் இன்னும் கிளந்தானில்தான் இருக்கிறீர்களா என்றாள். இல்லை, இருபது வருஷத்துக்கு மேலாக இதே மலையில், இதே தேயிலைத் தோட்டத்தில்தான் இருக்கிறேன் என்றேன். அட்டையில் கிளந்தான் முகவரி இருக்கிறதே என்றாள். அதை மாற்றத்தானம்மா வந்தேன் என்றேன். மாற்ற வேண்டுமானால் எப்போது குடிவந்தீர்கள் என்று சொல்ல வேண்டும் என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணாடியைத் தட்டியிருப்பேன். தட்டினால் அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயம் இன்னும் போகவில்லை. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். அந்த அட்டை என் கைக்கு வந்து இந்த வாரத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. கொண்டாட நினைத்த வாரத்தில் இப்படி ஒரு கேள்வி.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது தலையும் புரியாது வாலும் புரியாது. "மலேயாவில் உனக்கென்னம்மா குறை, குளுகுளுவென்று இருக்கிறாய்" என்று சிவகங்கையிலிருந்து என் அண்ணன் எழுதுகிற ரகம்தான் நீங்களும். ஆகையால் முதலிலிருந்து சொல்கிறேன். நாங்கள் இருப்பது பகாங் மாநிலத்துக் கேமரன் மலை. மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும். கிளந்தான் என்பது வடகிழக்கே கடலோரத்தில் வெயில் காய்கிற இன்னொரு மாநிலம். இரண்டுக்கும் நடுவே காடு, காடு, காடு.

இந்த நாட்டில் மனுஷர்கள் இரண்டு நிறம். நீல ஐ.சி., அதாவது அடையாள அட்டை, வைத்திருந்தால் குடிமகன். சிவப்பு ஐ.சி. என்றால் இருந்துவிட்டுப் போ என்று அர்த்தம். சிவப்புக்காரர்கள் வேலை செய்ய பெர்மிட் வாங்க வேண்டும், அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். புதுப்பிக்க மாட்டேன் என்று ஒரு நாள் சொல்லிவிட்டால் கப்பலேற வேண்டியதுதான். கல்யாணமாகி வந்த எனக்குச் சிவப்பு. என் வீட்டுக்காரருக்கும் சிவப்பு. இங்கே பிறந்த ஒரே மகள் தேவகிக்கு நீலம். அவளுக்கு நான்கு வயதில் அவள் அப்பா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு வீட்டில் இரண்டே பேர், இரண்டு நிறம். பெர்மிட் நின்றுபோனால் நான் போக வேண்டும், அவள் இருப்பாள்.

அண்ணன் வீட்டில் ரேஷன் கார்டிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. இதுதான் நீங்கள் பொறாமைப்படுகிற மலேயா வாழ்க்கை.

2

என்னைக் கிளந்தான்காரி ஆக்கியவள் மெக் சோம். மெக் என்றால் அங்கே பெண்களைக் கூப்பிடுகிற முறை, நாம் அக்கா என்பதுபோல. அவள் புருஷன் காடு வெட்டும் குத்தகைக்காரர் ஒருவரின் ஆட்களோடு எங்கள் தோட்டத்துக்கு வந்தான். தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்திலேயே கடைசி வீட்டைக் கொடுத்தார்கள். ஆட்களுக்குச் சோறு போட லயத்துக் கோடியில் தகரம் வேய்ந்து ஒரு சாப்பாட்டுக் கடை போட்டாள்.

கடலோரத்தில் வளர்ந்தவளுக்கு எங்கள் குளிர் ஆகவே ஆகாது. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் புருஷனுடைய கோட்டு. அதோடு நாள் முழுக்கத் திட்டுவாள். அவள் பேசியது மலாய், உங்களுக்காக எங்கள் தோட்டத்துத் தமிழில் எழுதுகிறேன்.

"எங்க ஊர்ல வெயிலு சும்மா கெடைக்கும் லா, பாக்கியம். இங்க பாரு, கைலி காய வைக்க அடுப்பு மூட்ட வேண்டியிருக்கு. இதெல்லாம் ஒரு ஊரா?"

அவள் ஊர்ப் பெருமை கேட்டால் காது புளித்துவிடும். கிளந்தான் மீன்தான் மீன், கிளந்தான் அரிசிதான் அரிசி, மேற்குக் கரைக்காரர்கள் எல்லாம் சோற்றை வெறுமே விழுங்குகிறவர்கள். அவள் மீன் குழம்பில் சர்க்கரை போடுவாள். முதல் தடவை வாயில் வைத்தபோது உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும் மாறிவிட்டது என்றே நினைத்தேன். புடு என்று ஒரு மீன் சாறு, நெத்திலியை உப்பில் போட்டுப் புளிக்க வைத்தது. அவள் அந்தப் புட்டியைத் திறந்தால் லயம் முழுக்க மூக்கைப் பொத்தும். இப்போது பச்சை இலைகளை அதில் தொட்டுத் தின்னாமல் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

வெள்ளிக்கிழமை அவள் கடை கிடையாது. தோட்டத்துக்கே ஞாயிறு லீவு, அவளுக்கு மட்டும் வெள்ளி. குத்தகைக்காரர் கத்தினார், ஆட்கள் கெஞ்சினார்கள். "எங்க ஊர்ல ஆபீஸே வெள்ளிக்கிழமை சாத்திருவாங்க, என் கடை என்ன ஆபீஸவிடப் பெருசா?" என்று படுத்துக்கொண்டாள். சம்பளம் வாங்கியதும் புருஷன் அப்படியே அவள் கையில் கொடுத்துவிட்டுப் பட்டம் கட்ட உட்கார்ந்துவிடுவான். அவர்கள் ஊரில் சந்தை முழுக்கப் பெண்கள் ராஜ்ஜியமாம். அவன் கட்டுகிற பட்டம் ஆள் உயரம் இருக்கும். தலையில் ஒரு வில் வைத்திருப்பான், மேலே போனால் அது வண்டு மாதிரி ரீங்கரிக்கும். எங்கள் மேகத்தில் பட்டம் கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். கொழுந்து கிள்ளிக்கொண்டிருக்கும் நாங்கள் எல்லாரும் அண்ணாந்து பார்ப்போம், வேலை வாங்கும் மண்டோர் எங்களைப் பார்த்துக் கத்துவார். ஒரு வருஷம் மாரியம்மன் தேருக்குக் காகிதப் பூ வேலை முழுக்க அவன் கைவேலைதான்.

தோட்டத்தில் எனக்கு மலாய் தேவைப்பட்டதே இல்லை. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்குக்குப் பேர் கூப்பிடுவதிலிருந்து கோயில் வரை எல்லாம் தமிழ். டவுனில் சீனர் கடையில் சாமான் வாங்கப் பத்து வார்த்தை போதும். வீட்டுக்காரர் செத்தபோது என் சாதி சனமெல்லாம் காரியம் முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மெக் சோம் போகவில்லை. சாயங்காலமானால் கஞ்சியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். நான் அவளிடம் புலம்பிப் புலம்பித்தான் மலாய் கற்றுக்கொண்டேன். ஒரு நாட்டு மொழியை இப்படியும் கற்கலாம் என்று எந்த அதிகாரிக்குச் சொல்லிப் புரிய வைப்பது?

3

குடியுரிமைக்கு மனுப் போடச் சொல்லி வற்புறுத்தியவளும் அவள்தான். தோட்டத்து ஆபீஸ் கணக்கர், கிராணி என்போம், மனுப் பாரம் நிரப்பிக் கொடுத்தார். கொஞ்ச காலம் கழித்து நேர்முகத்துக்கு தானா ராத்தாவுக்குக் கூப்பிட்டார்கள். மலாய் பேசத் தெரிகிறதா என்று சோதிப்பார்களாம். எனக்குப் பயமே இல்லை. தினமும் மணிக்கணக்கில் பேசுகிற மொழிதானே.

தேவகிக்கு அப்போது பதிமூன்று வயது. தமிழ்ப் பள்ளி முடிந்து மலாய் இடைநிலைப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். துணைக்கு அவளையும் அழைத்துப் போனேன். அதிகாரி கோலாலம்பூர்ப் பக்கத்து இளைஞர், நல்ல சட்டை, நல்ல வாசனை. என் பெயரைக் கேட்டார். சொன்னேன். எத்தனை பிள்ளைகள் என்றார். சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அடுத்த மேசைக்காரரைக் கூப்பிட்டார். "இந்த அம்மாவைக் கொஞ்சம் பேசச் சொல்லிக் கேளுங்கள்" என்றார்.

மெக் சோமின் மலாயில் 'நான்' என்பதற்குக் காவே என்பார்கள். கிளந்தான்காரர்கள் தங்களுக்குள் உரிமையோடு பேசுகிற வார்த்தை. சோறு, மீன், போவது, வருவது எல்லாமே அவர்களுக்கு வேறு மாதிரி. எனக்கு அது தெரியாது, மலாய் என்றாலே அதுதான் என்று இருந்தேன். பொட்டு வைத்துப் புடவை கட்டிய தமிழச்சி வாயிலிருந்து கிளந்தான் சந்தை கொட்டியதும் அந்த அறையில் இருந்தவர்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். நானும் அசடாகச் சேர்ந்து சிரித்தேன். தேவகி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு அதிகாரி பாரத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"கிளந்தானில் எத்தனை வருஷம் இருந்தீர்கள்?"

"போனதே இல்லை."

"போகாமல் இப்படிப் பேச வருமா? பகாங்கில்தான் இருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே. பொய் எழுதினால் மனு தள்ளுபடி ஆகும், தெரியுமா?"

பக்கத்து வீட்டுக்காரி சொல்லிக் கொடுத்தது என்றேன். அவர் நம்பவில்லை. தேவகி தன் பள்ளிக்கூட மலாயில் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். "நீ அழகாகப் பேசுகிறாய்" என்று அவளைப் பாராட்டினார். என் பாரத்தின் ஓரத்தில் ஏதோ எழுதி, விசாரணைக்காகக் கிளந்தானுக்கு அனுப்புகிறோம் என்றார். நான் பார்க்காத ஊரைப் பார்க்க என் மனு முந்திக்கொண்டு கிளம்பியது.

4

அதற்கப்புறம் எப்போது போய்க் கேட்டாலும் ஒரே பதில்தான். கிளந்தானிலிருந்து இன்னும் வரவில்லை. அங்கே என்னைத் தேடுகிறார்களாம். இல்லாதவளை எங்கே போய்த் தேடுவார்கள்? நான் இங்கே கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு பனியில் நனைந்துகொண்டு இருக்கிறேன், வந்து பாருங்கள் என்றேன். அது எங்கள் வேலை இல்லை, கிளந்தான் பதில் சொல்லட்டும் என்றார்கள். பெர்மிட் புதுப்பிக்கிற காலம் வந்தால் மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொள்வேன். எங்கள் லயத்திலேயே ஒரு குடும்பம் பெர்மிட் கிடைக்காமல் சட்டி பானையை விற்றுவிட்டுப் புறப்பட்டுப் போனது. அவர்கள் லோரி ஏறின அன்று தேவகி பள்ளிக்கூடம் போகவில்லை.

அவள் என்னைத் திருத்தக் கிளம்பினாள். புத்தகத்தை வைத்துக்கொண்டு அடுப்படியில் பாடம்.

"காவே சொல்லாதம்மா. 'நான்'னா சாயா சொல்லு."

"ரெண்டும் ஒண்ணுதானடி."

"ஒண்ணு இல்லமா. காவே சொன்னா சிரிக்கிறாங்க. எனக்கு வெக்கமா இருக்கு. அந்த மெக் கூடப் பேசாத, கொஞ்ச நாளைக்கு."

சுருக்கென்றது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் மலாயில் எனக்குப் பதில் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அப்போதெல்லாம் கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது. சமாதானம் ஆனாலும் பாதிதான் வரும்.

விஷயத்தைக் கேட்டு மெக் சோம் கோபப்படவில்லை. "புள்ள சொல்றது சரிதான். நான் உன்கிட்ட கோலாலம்பூர் மாதிரி பேசறேன்" என்றாள். தேநீரோடு எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். இரண்டு வாக்கியத்துக்கு மேல் ஓடவில்லை. இரண்டு பேரும் தேநீரைக் குடித்துத் தீர்த்தோம். கடைசியில் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"மலாய்க்காரி எனக்கே அது வரல. என் ஐ.சி. நீலம். உன்ன மட்டும் எதுக்குடி கேக்கறாங்க?"

நான் தம்ளர்களைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன்.

காடு வெட்டும் குத்தகையும் முடிந்தது. ஊருக்குத் திரும்பினார்கள். போகும்போது அத்தனை ஸ்வெட்டரையும் என்னிடம் கழற்றிக் கொடுத்துவிட்டாள். "உன் பைலு எங்க ஊர்லதான தூங்குது? நான் போய் எழுப்பறேன்" என்றாள். வழக்கமான கிளந்தான் வாய்ச்சவடால் என்று நினைத்துக்கொண்டேன்.

5

தேவகி படிப்பை முடித்து, மலைக்குக் கீழே ஈப்போ டவுனில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். மாதம் ஒரு முறை வருவாள். வந்தால் புடு புட்டியை வெளியே எடுத்து வைக்கச் சொல்வாள். அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கடிதம் வந்தது. மனு ஏற்கப்பட்டது, கிளந்தான் தலைநகர் கோத்தா பாரு அலுவலகத்துக்கு நேரில் வந்து உறுதிமொழி எடுத்து அட்டையை வாங்கிக்கொள்ளவும். ஏன் கிளந்தானில் என்று தானா ராத்தாவில் கேட்டேன். பைல் அங்கேதானே இருக்கிறது என்றார்கள். தேதியைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை.

"வெள்ளிக்கிழமை அங்கே ஆபீஸ் கிடையாது" என்றேன். எழுதினவர்களுக்குத் தெரியாதா என்று கேட்டார்கள். தேவகியும் அதே பாட்டுத்தான்.

"அரசாங்க லெட்டர் தப்பா இருக்குமாம்மா? தேதி தவறினா இன்னும் எத்தன வருஷமோ. பேசாம கெளம்பு."

ஈப்போவில் பஸ் ஏறினோம். புதிதாகத் திறந்த மலைச்சாலை, நடுவில் ராணுவச் சோதனைச் சாவடி. காட்டுக்குள் பதுங்கியிருந்த கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் பயம். ஒரு சிப்பாய் பஸ்ஸுக்குள் ஏறி ஐ.சி.களை வாங்கிப் பார்த்தான். தேவகியுடையதைப் பார்த்த கையோடு கொடுத்துவிட்டான். என்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டு, இறங்கு என்றான். சாவடியில் ஒரு புத்தகத்தைப் புரட்டி, என்னை ஏற இறங்கப் பார்த்து, யாரிடமோ போனில் பேசினார்கள். பஸ் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. தேவகியும் இறங்கி வந்து நின்றாள். பக்கத்தில் நின்றாள், ஆனால் சாலையின் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தகவல் சொல்லியிருந்ததால் கோத்தா பாருவில் மெக் சோம் பஸ் நிலையத்துக்கே வந்திருந்தாள். ஸ்வெட்டர் இல்லாமல் அவளை நான் பார்த்ததே இல்லை, பாதி ஆளாகத் தெரிந்தாள். கடற்கரைக் கிராமத்தில் அவள் வீடு. கப்பலிலிருந்து இறங்கியதற்கப்புறம் அன்றுதான் கடலைப் பார்த்தேன். முதுகில் வெயில் சுட்டது, சிவகங்கைப் பக்கத்து வெயில் மாதிரியே உறைத்தது. எனக்கு அழுகை வந்தது, மெக் சோம் பார்க்குமுன் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளி. போக வேண்டாம் என்று மெக் சோம் படுத்துக்கொண்டாள். தேவகி கேட்கவில்லை. அலுவலகம் பூட்டியிருந்தது. வாசலில் காவல்காரர் ஒருவர் வாழையிலைப் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தேவகி கடிதத்தை நீட்டித் தன் நல்ல மலாயில் கேட்டாள். அவர் வாய் நிறையச் சோற்றோடு கடகடவென்று பதில் சொன்னார். தேவகி முழித்தாள். இன்னொரு முறை கேட்டாள். அவர் இன்னும் வேகமாகச் சொன்னார். மலாய்ப் பாடத்தில் வகுப்பிலேயே முதலாக வந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"என்னம்மா சொல்றாரு?"

"வெள்ளிக்கெழம யாராச்சும் ஆபீஸுக்கு வருவாங்களா, உங்க ஊர்ல காலண்டரே கெடையாதான்னு கேக்கறாரு."

அன்று முழுக்கச் சந்தையில் அவள் என் பின்னாலேயே வந்தாள். எனக்கும் விலை பேசும் பெண்களுக்கும் நடுவில் அவளுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. நான் 'காவே, காவே' என்று கூசாமல் பேசினேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

6

சனிக்கிழமை அலுவலகம் திறந்தது, மெக் சோமும் கூட வந்தாள். அதிகாரி வயதானவர். என் பைலை எடுத்து மேசையில் போட்டார், தூசி பறந்தது. மெக் சோமைப் பார்த்ததும், "மறுபடியுமா?" என்றார். அவள் ஊருக்கு வந்ததிலிருந்து சந்தை முடித்து வாரா வாரம் அங்கே போய் நின்றிருக்கிறாள். வெள்ளிக்கிழமை தவிர. பாக்கியத்தைத் தேடுகிறீர்களாமே, எனக்குத் தெரியும், அவள் எங்கள் வீட்டு ஆள் என்றே சொல்லியிருக்கிறாள். இவள் தொல்லை தாங்காமல் அந்த மனுஷர், தேடிய ஆள் கிடைத்தாயிற்று என்று விசாரணையை முடித்துவிட்டார். ஆள் கிடைத்த முகவரி, மெக் சோம் வீடு.

அட்டையை என் முன்னால் வைத்தார். நீலம். என் படம், என் பெயர். அதன் கீழே மெக் சோமின் கிராமம்.

"நான் பகாங்குங்க. கேமரன் மலை. நான் இங்க குடியிருந்ததே இல்ல" என்றேன், அவர் மொழியிலேயே.

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பகாங்காரங்க இப்படிப் பேச மாட்டாங்க, மெக்" என்றார். பிறகு பைலின் மேல் கையை வைத்தார். "தப்புன்னு சொல்றீங்களா? திருத்தணும்னா பகாங்குக்குத் திருப்பி அனுப்பணும். அனுப்பட்டுமா, இப்படியே வாங்கிக்கறீங்களா?"

இத்தனை வருஷமாக நான் சொன்ன உண்மையை ஒருவரும் நம்பவில்லை. இப்போது பொய்யை வாங்கிக்கொள்கிறாயா என்று மரியாதையாகக் கேட்கிறார்கள். தேவகி என் கையைப் பிடித்தாள். "வாங்கிக்கோம்மா. அப்புறம் மாத்திக்கலாம்" என்றாள். உறுதிமொழி சொல்லி வாங்கிக்கொண்டேன். எந்த மலாயில் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. அந்த 'அப்புறம்' தான் நேற்றுக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றது.

ஞாயிறு காலை பஸ். அதே சாவடி. வேறொரு சிப்பாய், சின்னப் பையன், பேச்சில் கிளந்தான். என் அட்டையை வாங்கிப் படித்தான். இறங்கு என்று சொல்லப்போகிறான் என்று புடவையைச் சரிசெய்துகொண்டேன்.

"ஊரை விட்டு எங்க போறீங்க, மெக்?" என்றான்.

என்ன சொல்வது? ஊரை விட்டுப் போகவில்லை, ஊருக்குத்தான் போகிறேன் என்றால், முகவரி அப்படி இல்லையே என்பான். மறுபடி முதலிலிருந்தா?

தேவகி தன் அட்டையை நீட்டினாள். "மொக் காவே" என்றாள். அவர்கள் பேச்சில், என் அம்மா. அவள் நாக்குக்கு அது சரியாக வரவில்லை. "நான் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

பையன் சிரித்தான். இரண்டு அட்டைகளையும் ஒன்றாகச் சேர்த்து என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனான். இரண்டும் ஒரே நீலம். பஸ் கிளம்பி வெகு நேரம் கழித்து, எது யாருடையது என்று படத்தைப் பார்த்துத்தான் அவளுடையதை அவளிடம் கொடுத்தேன்.